அந்தப் பக்கமும் கொஞ்சம்

என் அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். முப்பத்தொரு வருடமாக ஒரே கடை, ஒரே சுழல் நாற்காலி, ஒரே குறை. வெட்டும்போது கை தவறி ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டால், "ஒண்ணுமில்ல, அந்தப் பக்கமும் கொஞ்சம் எடுத்துட்டா சமமாயிடும்" என்பார். அந்தப் பக்கம் எடுக்கும்போது அது ஒரு நூல் அளவு அதிகமாகிவிடும். மறுபடி இந்தப் பக்கம். இப்படி இரண்டு காதுகளுக்கும் நியாயம் வழங்கி வழங்கி, காது மடல் வரை கிருதாவோடு வந்து உட்கார்ந்தவரைக் காதுக்கு மேலே வெள்ளைப் பட்டையோடு எழுப்பி அனுப்புவார். வேடிக்கை என்னவென்றால், எழுந்தவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு" என்று திருப்தியாகத்தான் போவார். மனிதர்களுக்கு நஷ்டம் சமமாக இருந்தால் போதும் போலிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கடையும் அவர் கடையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் நூல், பட்டன், ஜிப், லேஸ் விற்கிறேன். நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. அங்கே ஒருவர் தும்மினால் இங்கே பட்டன் டப்பா அதிரும். ஆகவே அத்தானைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அது என் சுபாவம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். பெண் பார்க்க வந்தபோது கம்பீரமான மீசை. என் அக்கா சம்மதித்ததில் அந்த மீசைக்குப் பாதிப் பங்கு உண்டு. கல்யாணத்தன்று காலையில் இடது நுனி சற்று இறங்கியிருக்கிறது என்று கத்தரியை எடுத்தவர், ஒரு மணி நேரம் கழித்து மழுமழுவென்று வந்து நின்றார். ஆல்பம் முழுக்க என் அக்கா பக்கத்தில் நிற்பவர் யார் என்று யோசிக்கிற முகத்தோடுதான் இருக்கிறாள்.

முடியில் மட்டும் இருந்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். பேச்சிலும் அதே கதைதான். யாராவது அவரை ஒரு சொல் சொல்லிவிட்டால், அதே எடையில் ஒரு சொல்லைத் திருப்பி வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வைக்கும்போது அது கொஞ்சம் கூடிப்போகும். என் அக்கா இதைத் தெரிந்துகொண்டு சண்டையே போடுவதில்லை, பேசாமல் இருந்துவிடுவாள். அதையும் அவர் விடவில்லை. அக்கா ஒரு நாள் பேசாமல் இருந்தால் இவர் இரண்டு நாள் பேசமாட்டார். ஒரு முறை அது பத்து நாள் வரை போய், என்ன சண்டை என்பதே இருவருக்கும் மறந்துபோய், சிலிண்டர் தீர்ந்ததால் சமாதானம் ஆனார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். குணத்தில் அப்படியே அப்பா, மீசைதான் கிடையாது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயது. உருண்டையாக இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பட்டாணி பகல் முழுக்கக் காப்பகத்தில். சனிக்கிழமையானால் மகள் அவளைக் கடைக்குக் கூட்டிவருவாள். பட்டாணி நேராகப் போய்ச் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அத்தான் வாடிக்கையாளர்களை நிற்கவைத்துவிட்டு அவளைச் சுற்றிவிடுவார். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பட்டாணியின் சுருட்டை முடி கண்ணில் விழுகிறது, லேசாக வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, மகள் என் கடையில் பட்டன் பார்க்க வந்தாள். அத்தான் நாற்காலியின் இரண்டு கைகளின் மேலும் பலகையைப் போட்டு, அதில் குழந்தையை உட்காரவைத்தார். கத்தரியால் வெட்டியிருக்கலாம். ஆனால் புது மாதிரியாகச் செய்து காட்டவேண்டுமே! முடி வெட்டுகிற மிஷினை எடுத்தார். அந்த மிஷினின் முன்னால் மாட்டி, பிளேடு தலையை ஒட்டாமல் தடுக்கிற பிளாஸ்டிக் சீப்பு ஒரு மாதமாக உடைந்து, ரப்பர் பேண்டில் நின்றுகொண்டிருந்தது. அந்த ரப்பர் பேண்ட் என் கடையில் வாங்கியது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சீப்பு நெற்றியிலேயே கழன்று விழுந்தது. மிஷின் உச்சி வரை போய்த்தான் நின்றது. நடுத்தலைக்கு இடது பக்கமாக ஒரு பளபளப்பான சாலை. சாதாரண மனிதர் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார், அல்லது தலையில் அடித்துக்கொண்டிருப்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது இதுதான்: "ஒண்ணுமில்ல தங்கம், அந்தப் பக்கமும் கொஞ்சம்..."

குழந்தை கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அலறிய அலறலில் மகள் பட்டன் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். இரண்டு சாலைகள். ஒன்று அகலம், ஒன்று குறுகல். அத்தான் குறுகலானதை அகலப்படுத்த மிஷினோடு குனிந்துகொண்டிருந்தார்.

"உங்களை நம்பித் தலையைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "யாருக்குத்தான் நீங்க ஒழுங்கா வெட்டியிருக்கீங்க?"

பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரும் ஒரே சமயத்தில் தங்கள் கிருதாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அத்தானின் முகம் கறுத்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிட்டாள், திருப்பி வைக்கவேண்டும். வைத்தார்.

"பெத்த புள்ளைய அசையாம புடிச்சு உக்கார வைக்கத் துப்பில்ல. நாள் பூரா எவகிட்டயோ விட்டுட்டுப் போற. நீயெல்லாம் என்ன அம்மா?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தினமும் காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பேருந்து ஜன்னல் பக்கம் திரும்பி அழுகிறவள் அவள். அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். எடை பார்த்துத்தான் வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு எங்கே ஏற்கெனவே வலிக்கிறதோ அங்கேயே கொண்டுபோய் வைத்தார் மனிதர். அன்றோடு மகள் கடைக்கு வருவது நின்றது. பட்டாணிக்கு மிஷின் சத்தம் என்றாலே ஆகாமல் போயிற்று. வீட்டில் மிக்ஸி ஓடினால் அழுகை, யாருடைய போனாவது மேஜைமேல் அதிர்ந்தால் அழுகை. தாத்தாவின் போட்டோவைக் காட்டினாலும் அழுகை.

ஒரு வாரம் கழித்து அக்கா கடைக்கு வந்து, எங்களுக்குக் கேட்கும்படி மகளோடு போனில் பேசினாள். வெயிலில் அந்த வழுக்கைப் பட்டைகள் சிவந்துபோகின்றனவாம். கடையில் வாங்கிய தொப்பி கனமாம், வேர்க்கிறதாம், குழந்தை பிய்த்து எறிகிறதாம். அத்தான் அன்று வாடிக்கையாளர் முகத்தில் நுரை தடவிக்கொண்டே இருந்தார், கண்ணிலும் தடவினார். மறுநாள் கடை திறந்ததும் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ளே, கொக்கி ஊசி வெச்சுத் தொப்பி பின்னுவாங்களே, அதுக்கு நூல் குடு. லேசா இருக்கணும். காத்து போகணும். புள்ளைக்குக் குத்தக்கூடாது."

"யாரு பின்னப்போறது?"

"நான்தான். போன்ல வீடியோ பாத்தேன். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

"அதைவிட லேசா ஒண்ணு இருக்கு அத்தான். தப்பு என் மேலதான்னு ஒரு வார்த்தை. நூலே வேணாம்."

"நான் சொன்னா அவளும் சொல்லணும்ல? கடையில வெச்சு அவ சொன்னது மட்டும் நியாயமா?"

நான் நூல் கண்டுகளை எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, அன்று காலை சவரம் செய்த தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். கம்பளி நூல் வேண்டாம், பளபளக்கிற நூல் வேண்டாம் என்று ஒதுக்கி, கடைசியில் வெளிர்மஞ்சளில் ஒரு மெல்லிய பருத்தி நூலைத் தேர்ந்தெடுத்தார். தேர்வு அருமையான தேர்வு. நூல் விற்கிற எனக்கே அந்தப் புத்தி வந்திருக்காது. மனிதர் ஒரு வார்த்தை பேசுவதைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகச் செய்வார்.

தொப்பியின் சங்கதி எளிமையானதுதான். நூலில் ஒரு சின்ன வளையம். அதற்குள் கொக்கியை விட்டுப் பன்னிரண்டு தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டிரண்டாகப் போட்டு இருபத்துநான்கு. பிறகு முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, இப்படிச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக ஒரு வட்டம் விரியும். எழுபத்திரண்டு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடவேண்டும். நிறுத்தினால் விளிம்பு தானாகக் கீழே இறங்கித் தொப்பியாகும். அந்தச் சுவரில் ஒன்றுவிட்டு ஒன்று தையலைத் தாண்டிப் போட்டால் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும், காற்று போகும். அளவு? குழந்தை தூங்கும்போது மருமகன் சார்ஜர் ஒயரால் அளந்து ரகசியமாக எனக்குச் சொன்னான்: நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அத்தானிடம் சொன்னேன். "அளவெல்லாம் எதுக்கு? எத்தனை தலை பாத்த கை இது!" என்று சிரித்தார். அதற்கப்புறம் நான் திரும்பியதும் சுவரில் பென்சிலால் 48 என்று எழுதிவைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் சுழல் நாற்காலியில் அவரே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். வாடிக்கையாளர் இருக்கும்போதும் பின்னினார். கண்ணாடி முழுக்கத் தொப்பி பின்னுகிற முடிதிருத்துபவர் தெரிந்தார். பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தையல் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தேழு என்று ஒருவர், இல்லை முப்பத்தெட்டு என்று இன்னொருவர், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு முடி வெட்டிக்கொள்ளாமலேயே எழுந்து போனார்கள்.

நான்காம் நாள் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். கையில் இருந்தது தொப்பி இல்லை, முட்டைக்கோஸ். விளிம்பெல்லாம் அலையலையாகச் சுருண்டு நின்றது. என்ன நடந்தது என்று பார்த்தால், வழக்கம்போல நடந்திருக்கிறது. ஒரு பக்கம் தவறி ஒரு தையல் கூடிப்போயிருக்கிறது. உடனே அதற்கு நேர் எதிரே ஒரு தையலைக் கூட்டிச் சமப்படுத்தியிருக்கிறார். அடுத்த சுற்றில் அது இரண்டாகி, அதற்கு எதிரே இரண்டு. எழுபத்திரண்டில் முடியவேண்டியது நூற்றி முப்பதில் நின்றது. அதில் மட்டும் சந்தேகமே இல்லை: நான்கு பக்கமும் அலை ஒரே மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் நர்ஸம்மா நூல் வாங்க வந்தார். பக்கத்து மருத்துவமனையில் வேலை. டியூட்டிக்குப் போகும் பேருந்துக்காக நிற்கும்போதுகூடக் கை சும்மா இருக்காது, கொக்கி ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். அத்தானைவிட இருபது வயது சின்னவர். முட்டைக்கோஸைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மூணாவது சுத்துலயே தப்பு விழுந்திருக்கே. பாக்கலையா?"

"பாத்தேம்மா. அதான் அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டுச் சரி பண்ணிட்டேன்."

"அது எப்படிச் சரியாகும்? பிரிச்சுட்டுல்ல போடணும்?" என்று கேட்டுக்கொண்டே கொக்கியை உருவிவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தார்.

சரசரவென்று பிரிந்தது. அத்தான் "ஐயையோ!" என்று எழுந்து நின்றுவிட்டார். கத்தி காதில் பட்ட வாடிக்கையாளர்கூட அப்படிக் கத்தியது கிடையாது. நர்ஸம்மா நிறுத்தவில்லை. ஆறாவது சுற்று, ஐந்தாவது சுற்று, நான்காவது சுற்று எல்லாம் ஓடி, தப்பு விழுந்த இடத்துக்கு வந்ததும் நின்று, "இங்கேருந்து போடுங்க" என்று கொக்கியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

அத்தான் அந்தச் சின்ன வட்டத்தையும் மடியில் கிடந்த சுருள் நூலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ளே, நூலு அப்படியே இருக்குடா."

"பின்ன எங்க போகும்?"

"இல்ல... வெட்டினது திரும்ப ஒட்டாதுல்ல. அதனாலதான் நான் அந்தப் பக்கமும்..." முப்பத்தொரு வருடமாகத் தரையில் விழுந்த முடியைப் பெருக்கித் தள்ளியவருக்கு, தப்பு செய்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்கிற ஒரு தொழில் உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது ஐந்து நிமிடம்தான் நீடித்தது.

ஏனென்றால் அடுத்து அவர் செய்த காரியம் அப்படி. பிரிக்கலாம் என்று தெரிந்துவிட்டதல்லவா? பிரிக்க ஆரம்பித்தார். ஒரு தையல் கொஞ்சம் இறுக்கமா? பிரி. ஒன்று கொஞ்சம் தொளதொளவா? பிரி. காலையில் ஐந்து சுற்று போடுவார், மதியம் நான்கு சுற்று பிரிப்பார். மூன்று வாரம் கழித்தும் தொப்பி உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. நூல் மட்டும் பிரிந்து பிரிந்து, பாதி வழுக்கை விழுந்ததுபோல நைந்துபோயிற்று. இன்னொரு கண்டு கொடுத்தேன். இதற்கிடையில் பட்டாணிக்கு முடி வளர ஆரம்பித்துவிட்டது. அக்கா வாரத்துக்கு ஒரு தகவல் கொண்டுவருவாள்: பட்டையில் பூனைமுடி வந்துவிட்டது, அரை விரல் வந்துவிட்டது. முடிக்கும் தொப்பிக்கும் நடந்த பந்தயத்தில் முடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மகளைப் போய்ப் பார்த்தேன். சமாதானத் தூதர் என்று நினைக்கவேண்டாம். எனக்கு வேடிக்கை பார்க்காமல் இருக்கமுடியாது. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். பேருந்தில் பதினோரு மணி நேரத் தூரம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறார்கள்.

"உங்கப்பா பட்டாணிக்குத் தொப்பி பின்னிட்டு இருக்கார்" என்றேன்.

"அம்மா சொன்னாங்க. எனக்குத் தொப்பி எல்லாம் வேணாம் மாமா. என்னைப் பாத்து நீயெல்லாம் என்ன அம்மான்னு கேட்டார்ல? அது தப்புன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லலைன்னா, அங்க போயி நான் போன்கூடப் பண்ணமாட்டேன். இவளுக்குத் தாத்தா முகமே மறந்துடும்."

"நீயும் அன்னைக்கு..."

"நீங்களுமா மாமா?" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படியே அத்தானிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை. அவர் கொக்கியை மடியில் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் இருந்தது.

"முகம் மறந்துடும்னா சொன்னா?"

"ஆமா."

"சின்னப் புள்ளைக்கு மறந்துடும்ல?"

"ரெண்டரை வயசுல பாத்தது உங்களுக்கு எதாவது ஞாபகம் இருக்கா?"

அவருடைய வாய் திறந்து, உள்ளே ஏதோ எடை போட்டுப் பார்த்து, மூடிக்கொண்டது. அன்றிலிருந்து பிரிப்பது நின்றது. அறுபது, எழுபத்திரண்டு என்று வட்டம் விரிந்து, விளிம்பு இறங்கி, ஓட்டை ஓட்டையாகச் சுவர் வளர்ந்தது. அளவு பார்க்க ஒரு பலூனை நாற்பத்தெட்டுக்கு ஊதிக் கண்ணாடி முன்னால் வைத்துக்கொண்டார். பலூன் தினமும் கொஞ்சம் இளைத்தது. நல்லவேளையாக இந்த முறை நான் கவனித்தேன். இல்லாவிட்டால் பட்டாணிக்குத் தொப்பி பின்னி எலுமிச்சம்பழத்துக்கு மாட்டியிருப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் பேருந்தில் போனோம். அக்கா விடியற்காலையிலேயே சாமான் கட்டப் போய்விட்டிருந்தாள். தொப்பியைச் சவரத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பாதி வழியில் துண்டைப் பிரித்துப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"ஒன்பதாவது சுத்துல ஒரு ஓட்டை விட்டுப்போச்சு மாப்ளே. இங்க பாரு. ரெண்டு ஸ்டாப்புக்குள்ள பிரிச்சுப் போட்டுடுவேன்."

"கொக்கியைக் குடுங்க" என்றேன். கொடுத்தார். என் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

அங்கே வாசலில் லாரி நின்றது. வீட்டுக்குள் கட்டில்கூட இல்லை. சமையலறையில் அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டாணி ஒரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தானைப் பார்த்ததுதான் தாமதம், "மிஷின்!" என்று கத்திக்கொண்டு ஓடி அம்மாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவளுடைய தலையில் முடி ஒரு விரல் உயரத்துக்குக் குத்துக்குத்தாக வளர்ந்து, தொப்பிக்கு எந்த வேலையும் வைக்காமல் நின்றது.

அத்தான் வாசற்படியைத் தாண்டவில்லை. துண்டோடு தொப்பியை நீட்டினார். மகள் வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்களா பின்னினீங்க?"

"ம்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நான் மனதுக்குள், போச்சு, கிழவர் இப்படியே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார் என்று முடிவுகட்டினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றார். "நீ நல்ல அம்மா. சீப்பு உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சு, எனக்குத் தெரியும். கழண்டு விழுந்ததும் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. புள்ள அசையவே இல்ல. நான்தான்."

நான் 'ஆனா'வுக்குக் காத்திருந்தேன். அவரைத் தெரிந்த யாராக இருந்தாலும் காத்திருப்பார்கள். 'ஆனா நீயும் நாலு பேர் முன்னாடி...' என்று அது வந்தே தீரும். சமையலறையில் செய்தித்தாள் சத்தமும் நின்றுவிட்டது. அக்காவும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். வரவில்லை.

மகள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நானும் அன்னைக்குக் கடையில வெச்சு அப்படிச் சொல்லி..."

"நீ சொன்னதுக்கு நான் கணக்குக் கேக்கல" என்றார் அவர். "நான் சொன்னதுக்குத்தான் வந்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியைப் பட்டாணியின் தலையில் மாட்டினாள். காதுக்கு மேலே சரியாக வந்து உட்கார்ந்தது. குழந்தை அதைப் பிய்த்து எறியவில்லை. அதற்கு இப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அம்மாவின் பின்னாலிருந்து பாதி முகத்தை நீட்டி, "மிஷின் வேணாம்" என்றது.

"மிஷின் இல்ல தங்கம். பாரு" என்று அத்தான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அது போதவில்லை. பேன்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து சீப்பு எட்டிப் பார்த்தது. பட்டாணி அதைச் சுட்டிக்காட்டியது. எடுத்து என்னிடம் கொடுத்தார். பட்டாணி நான் அதைப் பையில் போடும் வரை விடாமல் பார்த்தது. போலீஸ்கூட இப்படிச் சோதனை போட்டிருக்காது. அத்தான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது இரண்டு அடி முன்னால் வந்து நின்று தலையைக் குனிந்தது. தொப்பியைத் தொட அனுமதி. அதுவும் ஒரே ஒரு விரல். அத்தான் ஆள்காட்டி விரலால் உச்சியில் தொட்டார். உடனே அது ஓடிவிட்டது. தூக்கிக்கொள்ளவிடவில்லை, முத்தம் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. லாரிக்குப் பின்னால் அவர்களை ஏற்றிக்கொண்டு வாடகைக் கார் கிளம்பியபோது, "போய்ச் சேந்ததும் போன் பண்றேன்ப்பா" என்று மகள்தான் கையை ஆட்டினாள்.

காலி வீட்டைப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் இருவரும் திரும்பினோம். பேருந்தில் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. அத்தான் மடியில் சவரத் துண்டை விரித்து, அதன்மேல் கையைக் கிண்ணம்போல் குவித்து, எதையோ அளந்துகொண்டிருந்தார். என் பையில் கொக்கி, சீப்பு, எனக்குத் தெரிந்த அத்தனை கிண்டலும் தயாராக இருந்தன. ஒரு தொப்பிக்கு ஆறு வாரம், ஒரு வார்த்தைக்கு ஏழு வாரம், இரண்டையும் சேர்த்து ஆரம்பத்திலேயே முடித்திருக்கலாமே என்று கேட்கவேண்டும். இதற்காகத்தான் நான் கூடவே வந்தது.

"எவ்வளவு சின்னத் தலை மாப்ளே" என்றார் அவர், குவித்த கையைப் பார்த்துக்கொண்டே. "இத்துனூண்டு. அதுல போயி ரெண்டாவது தடவையும் மிஷினை வெச்சேனே."

நான் அத்தனை கிண்டலையும் உள்ளேயே விட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். நடத்துநர் வந்தார், இரண்டு டிக்கெட் வாங்கினேன்.